மலையகத்துக்கு எந்த மிட்ரேஞ்ச்? அண்டர்ஸ்டேபிள் டிஸ்க் தெரிவு செய்ய முழு வழிகாட்டி

டிஸ்க் கோல்ஃப் பழக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, தூரத்துக்கு வீசும் டிரைவர் தட்டின் பக்கமே போகாதீர்கள், நடுத்தூரத்துக்கான ஒரு மிட்ரேஞ்ச் தட்டை வாங்குங்கள் என்பதுதான். அட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்து ஆள் என்றால் இன்னொன்றும் சேர்த்துச் சொல்வேன்: அது அண்டர்ஸ்டேபிள் தட்டாக, அதாவது வலக்கைக்காரர் வீசினால் எளிதில் வலப்பக்கம் சாயும் தட்டாக இருக்கட்டும். கொழும்பில் இருக்கும் உங்கள் மச்சான் வைத்திருப்பதைவிட ஒரு படி கூடுதலான அண்டர்ஸ்டேபிளாகவே இருக்கட்டும். மலையின் உயரம் தட்டின் குணத்தை மாற்றுகிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் வாங்கியவர்கள் "என் கைதான் சரியில்லை" என்று நினைத்து விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள்.

விளையாட்டே புதிது என்பவர்களுக்குச் சுருக்கமாக: கோல்ஃபின் அதே முறைதான். பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகக் கையால் வீசும் தட்டு, குழிக்குப் பதிலாகச் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த வீச்சில் கூடைக்குள் போட்டு முடிப்பவர் வெல்கிறார். 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தவர் எட் ஹெட்ரிக். சங்கிலிக் கூடையும் அவர் வேலைதான். அதற்கு முன் மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் குறியாக வைத்தே எறிந்தார்கள். கூடைக்கு வழியில்லாத தோட்டத்தில் இன்றைக்கும் ஒரு சவுக்கு மரத்தில் துணியைக் கட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கலாம்.

தட்டுகளில் பட்டர் அருகிலிருந்து கூடைக்குள் போட, டிரைவர் தூரத்துக்கு, இரண்டுக்கும் நடுவில் மிட்ரேஞ்ச். டிரைவரின் விளிம்பு அகலம், கூர்மை; அது பறக்க வேண்டிய விதத்தில் பறக்க நல்ல வேகம் வேண்டும். மிட்ரேஞ்சின் விளிம்பு ஒன்றேகால் சென்ரிமீற்றர் அளவில்தான் இருக்கும். சாதாரணக் கைக்கும் அது சொன்னபடி கேட்கும்.

அண்டர்ஸ்டேபிள் என்றால் தட்டு என்ன செய்யும்?

இந்தக் கட்டுரையில் வலம், இடம் என்று வருவதெல்லாம் வலக்கை பேக்ஹேண்ட் வீச்சுக்கு, அதாவது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கை முன்னே வர வீசுவதற்கு. இடக்கைக்காரர்களும், உள்ளங்கை முன்னே வர வலக்கை ஃபோர்ஹேண்ட் வீசுபவர்களும் திசையை அப்படியே மாற்றிப் படிக்கவும்.

வலக்கை பேக்ஹேண்டில் தட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழலும். வேகம் இருக்கும்வரை வலப்பக்கம் சாயப் பார்க்கும். இதை டர்ன் என்கிறோம். வேகம் தளர்ந்ததும் இடப்பக்கம் இறங்கும், இது ஃபேட். டர்ன் தூக்கலாகவும் ஃபேட் குறைவாகவும் உள்ளது அண்டர்ஸ்டேபிள். வலப்பக்கம் போகவே மறுத்து, கடைசியில் இடப்பக்கம் வெட்டி விழுவது ஓவர்ஸ்டேபிள்.

காரணம் பம்பரத்தின் காரணமேதான். சுழலும் பொருளை ஒரு பக்கம் அழுத்தினால் அது அந்தப் பக்கம் சாயாது. சுழல் திசையில் கால் சுற்றுத் தள்ளிச் சாயும். தட்டு வேகமாகப் போகும்போது காற்றின் தூக்கு விசை மையத்துக்குப் பின்னால் விழுந்து மூக்கை, அதாவது முன்விளிம்பைக் கீழே தள்ளப் பார்க்கிறது. தட்டு சுழல்வதால் அந்தத் தள்ளல் வலப்பக்கச் சாய்வாக மாறுகிறது. வேகம் குறைந்து தட்டு இறங்கத் தொடங்கியதும் தூக்கு விசை முன்னால் நகர்கிறது, மூக்கு நிமிரப் பார்க்கிறது, அது இடப்பக்கச் சாய்வாகிறது. விளிம்பின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் கோடு எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, தட்டு அவ்வளவு அண்டர்ஸ்டேபிள். அடிவிளிம்பில் மெல்லிய வரம்பு போட்டிருந்தால் அது தட்டை ஓவர்ஸ்டேபிள் பக்கம் இழுக்கும். கடையில் தட்டின் மேல் உள்ள பறக்கும் எண்ணை (இரண்டாம் படியில் விளக்குகிறேன்) படிக்க முடியாவிட்டாலும் இரண்டு தட்டுகளைச் சமதளத்தில் வைத்து விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் எது எப்படி என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

மலை ஏறினால் என்ன மாறுகிறது?

இந்த வழிகாட்டியில் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக் காற்று, குளிரைக் கணக்கில் எடுத்த பிறகும், கொழும்புக் காற்றைவிட ஆறில் ஒரு பங்கு அளவு மெலிந்தது. அட்டனும் பண்டாரவளையும் 1,200 மீற்றரைத் தாண்டியவை. அங்கே ஒன்பதில் ஒரு பங்கு அளவு குறையும். கண்டி 500 மீற்றர் அளவுதான், அங்கே பெரிய வித்தியாசம் தெரியாது.

தட்டைத் திருப்புவது காற்று. காற்று மெலிந்தால் திருப்பும் விசையும் மெலியும். விசை, காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. ஆகவே கொழும்பில் தட்டு காட்டிய அதே டர்ன் நுவரெலியாவில் வேண்டுமானால் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல் வேகத்தில் வீச வேண்டும். அந்தப் பத்துச் சதவீதத்தை யாரும் கையில் மிச்சம் வைத்துக்கொண்டு விளையாடுவதில்லை. தூக்கு விசையும் குறைவதால் தட்டு சீக்கிரமே இறங்கத் தொடங்கும். இறங்க இறங்க அடிப்பக்கம் காற்றில் படும், இடப்பக்க இழுப்பு முன்கூட்டியே வந்துவிடும். தாழ்நிலத்தில் நேராகப் போன தட்டு மலையில் ஓவர்ஸ்டேபிள் போல நடந்துகொள்வது இதனால்தான். அமெரிக்காவின் டென்வர் நகரம் 1,609 மீற்றர், நம் அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட உயரம். அந்தப் பக்கத்து ஆட்டக்காரர்கள் தாழ்நிலத்தாரைவிட அண்டர்ஸ்டேபிளான தட்டுகளைத் தேடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

தட்டில் எழுதியிருக்கும் எண்ணுக்கு நீங்கள் நிற்கும் உயரம் தெரியாது. என் கணக்கு இது: கண்டி, மாத்தளைப் பக்கம் எண்ணை அப்படியே எடுங்கள். அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, அப்புத்தளை என்றால் டர்னில் அரை எண் பறிபோனதாக வையுங்கள். நுவரெலியா, நானுஓயா, பட்டிப்பொலை என்றால் ஒரு முழு எண்.

முதல் படி: கையை அளந்து பாருங்கள்

யாரிடமாவது ஒரு சாதாரண மிட்ரேஞ்சை இரவல் வாங்குங்கள். காற்று அசையாத காலை நேரம், பாடசாலை மைதானம் போதும். தட்டைத் தரைக்குச் சமாந்தரமாக, இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவான உயரத்தில் விட்டு, எங்கே விழுகிறது என்று பாருங்கள். முழுப் பலத்தையும் போட வேண்டாம். பலத்தைப் போட்டால் தட்டு தள்ளாடும், தள்ளாடும் தட்டிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

ஐம்பது மீற்றருக்குள் விழுந்து, ஒவ்வொரு முறையும் இடப்பக்கமே வெட்டுகிறதா? உங்களுக்கு டர்ன் எண் -3 வேண்டும் (கழித்தல் எண் பெரிதாகப் பெரிதாக வலப்பக்கச் சாய்வு கூடும்). நுவரெலியாவில் -4 என்றாலும் பயமில்லை. ஐம்பதுக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில் என்றால் -2, மேல் மலைக்கு -3. எண்பதைத் தாண்டுகிறீர்கள் என்றால் உங்கள் நேர்த்தட்டு -1 ஆக இருக்கலாம். அண்டர்ஸ்டேபிள் தட்டு உங்களுக்கு நேராகப் போவதற்கு அல்ல, வளைவுக்கு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கும் முதல் தடவை தட்டைத் தொடுபவர்களுக்கும் இந்த அளவெடுப்புத் தேவையில்லை. -3ஐக் கொடுத்துவிடுங்கள். முதல் நாளே தட்டு நேராகப் போவதைப் பார்த்தவர் மறுநாளும் வருவார்.

இரண்டாம் படி: நான்கு எண்களைப் படியுங்கள்

பெரும்பாலான தட்டுகளில் நான்கு எண்கள் இருக்கும்: ஸ்பீட், கிளைட், டர்ன், ஃபேட். ஸ்பீட் என்பது தட்டு சரியாகப் பறக்க வேண்டிய வேகம்; மிட்ரேஞ்சுக்கு 4 அல்லது 5. கிளைட் என்பது மிதக்கும் தன்மை. 5க்கு மேல் என்றால் நன்றாக மிதக்கும். டர்ன் கழித்தல் எண்ணில் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வலப்பக்கம். ஃபேட் பூச்சியத்துக்கு அருகில் என்றால் முடிவில் வெட்டாது.

இந்த எண்களை அளந்து சான்று தரும் பொது அமைப்பு எதுவும் இல்லை. 1976இல் தொடங்கிய டிஸ்க் கோல்ஃப் சங்கமான பீடிஜிஏ தட்டின் அளவு, எடை, விளிம்பின் கூர்மை, வளையும் தன்மை முதலியவற்றைத்தான் பார்த்து அனுமதிக்கிறது. பறக்கும் எண் ஒவ்வொரு கம்பனியும் தானே போடுவது. ஒரு கம்பனியின் -2 இன்னொரு கம்பனியின் -3க்கு நிகராக இருக்கலாம். எண்ணை வாசல் வரைக்கும் நம்புங்கள், உள்ளே போவதற்கு வீசித்தான் பார்க்க வேண்டும்.

பெயர் சொல்லாமல் போனால் வழிகாட்டியே இல்லை, ஆகவே சில, நான்கு எண்களும் அதே வரிசையில். இன்னோவாவின் ஸ்டிங்ரே 4, 5, -3, 1. மெதுவான கைக்கு ஏற்றது. விலை குறைந்த பிளாஸ்டிக்கிலும் வருவதால் முதல் தட்டாக எனக்குப் பிடித்தது. வெஸ்ட்சைடின் டர்சாஸ் 5, 5, -3, 1. எம்விபியின் அப்லிங்க் 5, 5, -3, 0.5. இந்த இரண்டில் எதை எடுத்தாலும் அட்டன் உயரத்துக்குச் சரி. அப்லிங்க்கின் விளிம்பு தனிப் பிளாஸ்டிக்கால் வார்க்கப்பட்டது, எடை வெளிப்பக்கம் கூடியிருக்கும். அக்சியத்தின் பாரடாக்ஸ் 5, 4, -4, 0. கொழும்புக் கடற்கரையில் இது அடங்காத தட்டு. நுவரெலியாவில் மெதுவான கைக்கு நல்ல தட்டு. டைனமிக் டிஸ்க்ஸின் வாரண்ட் 5, 5, -2, 0. டிஸ்க்ராஃப்டின் பஸ் எஸ்எஸ் 5, 4, -2, 1. இவை நடுத்தரக் கைக்கு. லாடிட்யூட் 64இன் ஃபியூஸ் 5, 6, -1, 0. எண்ணில் நேர்த்தட்டு போலத் தெரிந்தாலும் நன்றாக மிதப்பதால் கண்டியில் இதை வைத்தே ஒரு ஆட்டத்தை முடிக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னோவாவின் ரொக்3ஐச் சொல்கிறேன்: 5, 4, 0, 3. பெயர் பெற்ற நல்ல தட்டு. ஆனால் புதியவர் ஒருவர் அதை நுவரெலியாவில் வீசினால் இடப்பக்கத்துக் கானில்தான் போய்த் தேட வேண்டும்.

மூன்றாம் படி: எடை

மிட்ரேஞ்ச் அதிகபட்சம் 180 கிராம் அளவுக்கு வரும். விட்டத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 8.3 கிராம் என்பது விதி, மிட்ரேஞ்சின் விட்டமோ ஏறத்தாழ 21.7 சென்ரிமீற்றர். ஒரே அச்சில் வார்த்த தட்டுகளில் எடை குறைந்தது கூடுதல் அண்டர்ஸ்டேபிளாகப் பறக்கும், மெதுவான கையிலிருந்தும் எளிதாகக் கிளம்பும்.

பெரியவர்களுக்கு 165 முதல் 175 கிராம், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 150 பக்கம். அப்புத்தளையில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே காற்று மலை இடுக்கு வழியாக ஏறி வரும். எடை குறைந்த தட்டு உங்கள் கையைவிடக் காற்றின் பேச்சைத்தான் கேட்கும். அந்தப் பக்கத்தார் 175க்குக் குறையாமல் எடுத்து, அண்டர்ஸ்டேபிள் குணத்தை எடையில் தேடாமல் டர்ன் எண்ணில் தேடுவது நல்லது.

நான்காம் படி: பிளாஸ்டிக்

இங்கே பலர் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அது தவறில்லை, ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

விலை குறைந்த அடிப்படைப் பிளாஸ்டிக், இன்னோவாவில் டிஎக்ஸ் என்று வருவது போன்றவை, கையில் நன்றாகப் பிடிபடும். ஆனால் சீக்கிரம் தேயும். மலையகத்தில் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் நம் நிலம் முழுக்கக் கருங்கல். தோட்டப் பாதையோரக் கல் ஒன்றில் பட்ட டிஎக்ஸ் தட்டின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள்: நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம், அதன் இருபக்கமும் மெல்லிய பிசிறு எழும்பியிருக்கும். பிசிறை நகத்தால் உருட்டி எடுத்துவிடலாம், பள்ளம் இருக்கும். இப்படி அடிபட அடிபட விளிம்பின் கோடு தாழ்ந்து தட்டு மேலும் மேலும் அண்டர்ஸ்டேபிளாகும். வாங்கும்போது -2 ஆக இருந்தது ஒரு பருவம் போனபின் -3 போலப் பறக்கும். நமக்கு அது இலாபம்தான். உயரம் பறித்ததைத் தேய்மானம் திருப்பித் தருகிறது.

சாம்பியன், ஸ்டார், ஈஎஸ்பி, இசட் என்று வரும் விலை கூடிய வகைகள் வருடக்கணக்கில் குணம் மாறாமல் இருக்கும். ஆனால் அதே தட்டு விலை கூடிய பிளாஸ்டிக்கில், குறிப்பாகக் கண்ணாடி போன்ற கடினமான வகையில், பெரும்பாலும் ஒரு பிடி ஓவர்ஸ்டேபிளாகவே தொடங்கும். அதோடு நுவரெலியாக் குளிரில் இன்னும் இறுகும். மூடுபனியில் நனைந்தால் சவர்க்காரக் கட்டி போல வழுக்காவிட்டாலும் விரல் நம்பிப் பிடிக்காது. என் தெரிவு: முதல் தட்டு அடிப்படைப் பிளாஸ்டிக்கில், இரண்டாவது அதே அச்சில் ஸ்டார் போன்ற மென்மையான விலை கூடிய வகையில். முதலாவது தேய்ந்து வளைவுத் தட்டாகும், இரண்டாவது நேர்த்தட்டாக நிற்கும்.

இடுப்பில் ஒரு பழைய துணி கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் முன் விளிம்பின் உட்பக்கத்தைத் துடைக்க வேண்டும். பெருவிரல் வைக்கும் மேற்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு, நான்கு விரல்கள் பிடிக்கும் உட்பக்கத்தை ஈரத்தோடு விடுபவர்கள்தான் அதிகம்.

ஐந்தாம் படி: கைக்கு அடக்கமும் நிறமும்

விரல்களை உட்பக்கம் மடித்துப் பிடியுங்கள். விரல் நுனிகள் விளிம்பின் உட்சுவரில் வசதியாகப் பட வேண்டும். சின்னக் கைக்காரருக்கு ஆழமான தட்டு பிடிபடாது. அடி வரம்பு விரலை அறுப்பதாகத் தோன்றினால் வரம்பில்லாத தட்டைப் பாருங்கள். இதற்குமேல் இதில் ஆராய ஒன்றுமில்லை.

நிறம் ஆராய வேண்டிய விஷயம். பச்சை வாங்காதீர்கள், கடும் நீலமும் வேண்டாம். கொழுந்து மலைக்குள் பச்சைத் தட்டு போனால் போனதுதான். வெள்ளை மூடுபனியில் பறக்கும்போதே மறைந்துவிடும். மஞ்சள் நல்ல நிறம் என்று நினைப்போம், ஆனால் காய்ந்த புல்லில் தெரியாது. இளஞ்சிவப்பு அல்லது செம்மஞ்சள். பையன்கள் இளஞ்சிவப்பைப் பார்த்துச் சிரிப்பார்கள். தேயிலைச் செடிக்கடியில் அரைமணி நேரம் தேடிய பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

ஆறாம் படி: வீசிப் பார்ப்பது

பெரட்டுக்களமோ பாடசாலை மைதானமோ, ஐம்பது அறுபது மீற்றர் திறந்தவெளி போதும். ஒரே தட்டை மூன்று விதமாக வீசுங்கள்.

முதலில் தட்டையாக, முக்கால் பலத்தில். மெல்ல வலப்பக்கம் நகர்ந்து, கடைசியில் நேராக நின்று இறங்கினால் அது உங்களுக்குப் பொருத்தம். கிளம்பியவுடனே வலப்பக்கம் புரண்டு தரையில் உருண்டால் உங்கள் வேகத்துக்கு அது மிஞ்சிய அண்டர்ஸ்டேபிள். இடப்பக்கம் போனால் போதாது.

அப்படித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: தட்டு கையை விட்டுக் கிளம்பியதும் தள்ளாடுகிறதா? மணிக்கட்டைப் புரட்டி வீசுபவர்களின் தட்டு எதுவானாலும் வலப்பக்கம் புரளும். அவர்கள் தட்டைக் குறை சொல்லி, ஓவர்ஸ்டேபிள் வாங்கி, குறையை அதற்குள் ஒளித்துவிடுகிறார்கள். அண்டர்ஸ்டேபிள் தட்டு எதையும் ஒளிக்காது. கையில் பிசகு இருந்தால் அன்றைக்கே காட்டிக்கொடுக்கும். பழகுபவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்பேன்.

அடுத்து ஹைசர். தட்டின் வெளிவிளிம்பைச் சற்றுத் தாழ்த்தி, இடப்பக்கம் சாய்வாக விடுங்கள். அண்டர்ஸ்டேபிள் தட்டு பறக்கும்போதே நிமிர்ந்து, சமமாகி, நேராகப் போகும். ஹைசர் ஃபிளிப் என்பது இதுதான். இது கைவந்தால் உங்கள் தூரம் திடீரென்று கூடும்.

மூன்றாவது, காற்றை எதிர்த்து. எதிர்க்காற்றில் தட்டின் மேல் படும் காற்றின் வேகம் கூடுவதால் டர்னும் கூடும். முதுகுக் காற்றில் எதிர்மாறு: தட்டு ஓவர்ஸ்டேபிளாகி முன்னமே விழும். அமைதியான காலையில் ஒரு முறை, காற்று எழும்பிய பிற்பகலில் ஒரு முறை என்று பார்த்தால்தான் தட்டின் முழுக்குணம் தெரியும்.

ஏழாம் படி: நம் நிலத்தில் பயன்படுத்துவது

தோட்டப் பாதை ஒன்று வலப்பக்கம் வளைந்து போகிறது என்று வையுங்கள். இடப்பக்கம் மண்மேடு, வலப்பக்கம் இடுப்பளவு தேயிலை, வளைவுக்கு அப்பால் அறுபது மீற்றரில் குறிமரம். மேலே சவுக்குக் கிளைகள் கவிந்திருக்கின்றன, உயர்த்தி வீச வழியில்லை. ஓவர்ஸ்டேபிள் தட்டு கையில் இருந்தால் கையை முறித்து, ஹைசருக்கு எதிர்ப்பக்கச் சாய்வான அன்ஹைசரில் விட வேண்டும், அப்படி விட்டாலும் முடிவில் இடப்பக்க மேட்டில் மோதும். அண்டர்ஸ்டேபிள் மிட்ரேஞ்சை நெஞ்சுயரத்தில் தட்டையாக, பாதையின் இடப்பக்க ஓரத்தைப் பார்த்து விடுங்கள். பதினைந்து இருபது மீற்றர் நேராகப் போகும். பிறகு இடவிளிம்பு மெல்ல உயரும், தட்டு வளைவோடு வளைவாக வலப்பக்கம் திரும்பும், ஃபேட் இல்லாததால் திரும்பிய திசையிலேயே இறங்கும். இந்த ஒரு வீச்சுக்காகவே தேய்ந்த ஸ்டிங்ரே ஒன்றைப் பையில் வைத்திருப்பேன்.

மேட்டை நோக்கி வீசும்போது தட்டு வேகத்தைச் சீக்கிரம் இழந்து இடப்பக்கம் விழும். அங்கேயும் அண்டர்ஸ்டேபிள்தான் கைகொடுக்கும். தட்டை மலைச்சரிவுக்குச் சமாந்தரமாக ஏற்றுங்கள், மூக்கை மட்டும் தூக்கிவிட வேண்டாம். மூக்கு தூக்கிய தட்டு நின்று பின்னுக்கே வரும். பள்ளத்தை நோக்கி வீசும்போது நிலைமை தலைகீழ். தட்டு நெடுநேரம் காற்றில் இருக்கும், வலப்பக்கம் போகத் தொடங்கினால் போய்க்கொண்டே இருக்கும். நல்ல ஹைசர் கொடுத்து விடுங்கள், அல்லது பையில் உள்ள -1ஐ எடுங்கள்.

பக்கக் காற்றில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வலப்பக்கம் சாய்ந்து பறக்கும் தட்டின் அடிப்பக்கம் இடப்பக்கத்தைப் பார்த்திருக்கும். காற்று இடமிருந்து வந்தால் அடியில் பட்டுத் தூக்கி, நீங்கள் நினைத்ததற்கு அப்பால் கொண்டுபோகும். வலமிருந்து வந்தால் மேற்பக்கத்தில் பட்டுத் தரையில் அமுக்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேல் பருவக்காற்று வீசும் காலத்தில் அட்டன், மஸ்கெலியாப் பக்கம் மழையோடு வரும்; ஊவாப் பக்கம் அதே காற்று மழையை மலையில் விட்டுவிட்டு வறண்டு இறங்கும், கச்சான் என்று சொல்வது அதைத்தான். கச்சான் அடிக்கும் நாளில் பண்டாரவளையில் -3ஐ வைத்துக்கொண்டு எதிர்க்காற்றில் நிற்க வேண்டாம். அன்றைக்கு அந்தத் தட்டுக்கு முதுகுக் காற்று வீச்சுகள் மட்டும்தான்.

விழுந்த பிறகும் வேலை இருக்கிறது. தட்டு விழும்போது உள்ள சாய்வும் நிலத்தின் சாய்வும் ஒரே பக்கம் என்றால் சறுக்கி நிற்கும். எதிரெதிர் என்றால் விளிம்பில் எழுந்து நின்று உருளும். அண்டர்ஸ்டேபிள் தட்டு வலவிளிம்பு தாழ விழுவது. ஆகவே இடப்பக்கம் சரியும் நிலத்தில் அதிக கவனம். வேண்டுமென்றே உருட்டும் ரோலர் வீச்சுக்கும் இந்தத் தட்டு அருமையானதுதான். சமதளத்தில் பழகுங்கள். சரிவில் ரோலர் போடுவது தட்டுக்கு விடைகொடுத்து அனுப்புவது.

எங்கே வீசக்கூடாது

கொழுந்து எடுக்கும் மலையில் ஆள் நிற்கும்போது வீசவே கூடாது. 170 கிராம் தட்டு முகத்தில் பட்டால் விளையாட்டல்ல. ஆள் இல்லாத நேரத்திலும் நிரைக்குள் போன தட்டை எடுக்கக் கொழுந்தை மிதித்துக்கொண்டு போகாமல் நடைபாதை வழியாகப் போங்கள். தோட்டத்து இடமென்றால் கேட்டுவிட்டே ஆடுங்கள்.

குளவியை மறக்க வேண்டாம். மலையகத்தில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது நாம் அடிக்கடி கேள்விப்படும் செய்தி. குறிமரத்தைத் தெரிவு செய்யும் முன் கிளைகளையும் அடிமரப் பொந்தையும் நன்றாகப் பாருங்கள். கூடு இருக்கும் மரத்தின் பக்கமாகப் பறக்கும் வழியைக்கூட வைக்காதீர்கள். தட்டு அந்தப் பக்கம் போய்விட்டால் அது குளவிக்கே சொந்தம் என்று விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் அட்டைக்குக் காலில் சவர்க்காரமோ உப்போ தடவிக்கொள்வது உங்களுக்குத் தெரிந்ததே. காட்டோரத்தில் இருட்டும் நேரத்தில் தட்டுத் தேடப் போக வேண்டாம், சிறுத்தை நடமாடும் நேரம் அது.

வாங்கியதும் தட்டின் அடிப்பக்கத்தில் அழியாத பேனையால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள், தமிழிலும் சிங்களத்திலும். அந்த மலையில் வேலை செய்யும் அக்காமாரிடம் "இளஞ்சிவப்புத் தட்டு ஒன்று கண்டால் எடுத்து வையுங்கள் அக்கா" என்று சொல்லி வையுங்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பியதும் கவ்வாத்து வெட்டும்போது வெளியே வரும். ஆனால் கவ்வாத்து ஒரு மலைக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறைதான், அதனால் அதே அச்சில் இன்னொன்றையும் சேர்த்தே வாங்கி வையுங்கள்.